முதற்கட்டு: ஒரு சீட்டாட்டமும் அதன் புதியவர்களும்

சீட்டாட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 52 சீட்டுகள் அடங்கிய கட்டு. ரம்மி கற்க விரும்பும் ஒருவர் எந்தக் கட்டைக் கொண்டு தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. தேர்ந்தவர் கையிலும் புதியவர் கையிலும் புழங்குவது ஒரே கட்டுதான். 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'மேஜிக்: த கேதரிங்' என்னும் ஆட்டம் இந்த நிலையை மாற்றியது. அதில் ஒவ்வொருவரும் தமக்கான கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வந்து ஆட வேண்டும். இதுவரை அச்சாகியுள்ள வெவ்வேறு சீட்டுகளின் எண்ணிக்கை 25,000-ஐத் தாண்டிவிட்டது. அவற்றிலிருந்து 60 சீட்டுகளைத் தெரிந்தெடுப்பதே பாதி ஆட்டம் எனலாம். ஆகவே, முதல் ஆட்டம் தொடங்குமுன்பே புதியவர் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: எந்தக் கட்டுடன் தொடங்குவது?

இவ்வாட்டத்தின் வெற்றிவீரர்களைப் பற்றியும் விலைமதிப்புள்ள சீட்டுகளைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. புதியவர் கையில் கொடுக்கப்படும் முதற்கட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீளும் அவ்வரலாற்றில் தோல்விகளே மிகுதி. அவற்றிலிருந்துதான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். இது பெரும்பாலும் இருவர் ஆடுவது. ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளை முழுவதும் கரைப்பவர் வென்றவர். கட்டில் ஒரு பகுதி நிலங்கள். ஏனையவை மந்திரங்களும் உயிரினங்களும். நிலங்கள் 'மானா' என்னும் ஆற்றலைத் தரும். அந்த ஆற்றலைச் செலவிட்டே பிற சீட்டுகளை இறக்க முடியும். ஒரு முறைக்கு ஒரு நிலத்தை மட்டுமே இறக்கலாம். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என நிறங்கள் ஐந்து; அவற்றுக்குரிய நிலங்கள் முறையே சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. சிவப்புச் சீட்டை இறக்க மலை வேண்டும். கையில் எத்தனை தீவுகள் இருந்தாலும் பயனில்லை.

கணித ஆசிரியரின் பெட்டி

இவ்வாட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். 1991-இல் அவர் 'ரோபோ ராலி' என்னும் பலகை ஆட்டத்தை எடுத்துக்கொண்டு 'விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' நிறுவனத்தின் பீட்டர் அட்கிசனைச் சந்தித்தார். சிறிய நிறுவனமாக இருந்த அதனால் அந்த ஆட்டத்தைத் தயாரிக்கும் செலவைத் தாங்க முடியவில்லை. கையில் எடுத்துச் செல்லத்தக்கதாய், விரைவில் ஆடி முடிப்பதாய், குறைந்த செலவில் அச்சிடத்தக்கதாய் ஓர் ஆட்டம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் அட்கிசன். அதற்கு விடையாக வந்ததே மேஜிக்.

1993 ஆகஸ்டில் வெளியான முதற்பதிப்பில் 295 வெவ்வேறு சீட்டுகள் இருந்தன. 60 சீட்டுகள் கொண்ட தொடக்கப் பெட்டி ஒன்றும் 15 சீட்டுகள் கொண்ட சிறு உறை ஒன்றும் விற்பனைக்கு வந்தன. பெட்டியின் பெயரில் 'தொடக்கம்' இருந்ததே தவிர, உள்ளே இருந்தவை எழுந்தமானமாய் நிரப்பப்பட்ட சீட்டுகள். ஐந்து நிறங்களும் கலந்திருக்கும். மின்னலைப் போல எதிராளியைத் தாக்கும் எளிய சீட்டு ஒருவருக்குக் கிடைத்தது. மேசைக்கு மேல் ஓரடி உயரத்திலிருந்து சுண்டிவிட்டு, விழுந்து தொடும் சீட்டுகளையெல்லாம் அழிக்கும் 'கேயாஸ் ஆர்ப்' இன்னொருவருக்குக் கிடைத்தது. போதாக்குறைக்கு, ஆட்டத் தொடக்கத்தில் இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பந்தயமாக வைக்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. வென்றவருக்கே அந்தச் சீட்டுகள் சொந்தம். விரைவிலேயே இப்பழக்கம் மறைந்தது என்றாலும், முதல் தோல்வியிலேயே தம் உடைமையை இழந்த புதியவரின் மனநிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

எழுந்தமானமான கட்டில் உள்ள இடர் எத்தகையது என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். ஆட்டம் தொடங்கும்போது கையில் 7 சீட்டுகள் வரும். 60 சீட்டுகளில் ஐந்து நிறங்களுக்கும் தலா 4 நிலங்கள் இருப்பதாகக் கொள்வோம். குறிப்பிட்ட ஒரு நிறத்துக்குரிய நிலம் முதல் 7 சீட்டுகளில் ஒன்றேனும் வருவதற்கான வாய்ப்பு 100-க்கு 40 மட்டுமே. இரு நிறங்களுக்குத் தலா 12 நிலங்கள் வைத்தால் அது 81 ஆகிறது. ஒரே நிறத்துக்கு 24 நிலங்கள் வைத்தால் 98. விதிகளைப் பிழையறக் கற்று, நன்கு சிந்தித்து ஆடுபவரையும் முதல் வகைக் கட்டு கைகட்டி உட்கார வைத்துவிடும். தேர்ந்தவருக்கு 'நிலம் வரவில்லை' என்பது தெரியும். புதியவரோ 'எனக்கு இது வராது' என்று எழுந்து போவார். இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையிலுள்ள தொலைவே நம் கட்டுரையின் பொருள்.

வீரர்கள் கண்டறிந்தவை

1994-இன் தொடக்கத்தில் போட்டிகளுக்கான விதிகள் வகுக்கப்பட்டன. குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும். அடிப்படை நிலங்கள் நீங்கலாக ஒரே சீட்டு நான்கு படிகளுக்கு மேல் கூடாது. இந்த எல்லைக்குள் கட்டமைக்கும் கலை வளரத் தொடங்கியது.

1996-இல் அட்லாண்டாவில் நடந்த தகுதிப் போட்டி ஒன்றில் பால் ஸ்லை என்பவர், ஜே ஷ்னைடர் வடிவமைத்த சிவப்புக் கட்டு ஒன்றை ஆடினார். அதில் இருந்த உயிரினங்களில் பல, பிறர் குப்பை எனத் தள்ளியவை. ஆனால் அக்கட்டு ஓர் எளிய கணக்கின்மீது நின்றது. முதல் முறையில் ஒரு மானா இருக்குமென்றால், ஒரு மானாவில் இறக்கத்தக்க சீட்டு கையில் இருக்க வேண்டும். இரண்டாம் முறையில் இரண்டு மானாச் சீட்டு. விலை குறைந்தவை பலவும் விலை கூடியவை சிலவுமாக அமைத்து, எந்த முறையிலும் ஆற்றல் வீணாகாமல் ஆடுவது. இன்று 'மானா வளைவு' என்று அழைக்கப்படும் கருத்து பரவியதில் இக்கட்டுக்குப் பெரும் பங்குண்டு. பின்னாளில் தொடக்கநிலைக் கட்டுகளை அமைத்தோர் அனைவருக்கும் இதுவே அடித்தளம். சீட்டின் கவர்ச்சியைவிட, அதை இறக்கும் வேளை வாய்ப்பது முக்கியம் என்னும் பாடம் அது.

1999-இல் மைக் ஃபுளோரஸ் எழுதிய கட்டுரை இன்னொரு பாடத்தைத் தந்தது. இருவர் ஆடும்போது ஒருவர் தாக்குபவர், மற்றவர் தாங்கிக் காப்பவர். தம் பங்கு எது என்பதைத் தவறாக உணர்பவர் தோற்பார் என்பது அதன் சாரம். புதியவருக்குத் தாக்கும் கட்டைத் தரச் சொல்வதன் காரணம் இங்கே விளங்குகிறது. அதில் அவருடைய பங்கு பெரும்பாலும் தெளிவாக இருக்கும். எதிராளியின் ஒவ்வொரு மந்திரத்தையும் தடுத்து நிறுத்தும் நீலக் கட்டை ஆடுபவருக்கோ எதைத் தடுப்பது, எதை விடுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எதிராளியின் கட்டில் என்னென்ன இருக்கக்கூடும் என்ற அறிவு தேவை. இன்று வந்தவரிடம் அதை எதிர்பார்க்க இயலாது.

1997: இரு சோதனைகள்

புதியவரின் இன்னலை நிறுவனமும் உணர்ந்தே இருந்தது. 1997-ஆம் ஆண்டில் இரு வேறு வழிகளில் அது விடை தேடியது.

முதலாவது 'போர்ட்டல்'. இது ஆட்டத்தையே எளிமையாக்கும் முயற்சி. எதிராளியின் முறையிலும் இறக்கத்தக்க உடனடி மந்திரங்கள், கருவிச் சீட்டுகள், நிலைத்து நிற்கும் மாயங்கள் ஆகியவை நீக்கப்பட்டன. உயிரினங்களின் வலிமையைக் குறிக்கும் எண்களுக்கு அருகே வாளும் கேடயமும் வரையப்பட்டன. ஆட்டத்தின் கலைச்சொற்கள் சிலவும் மாற்றப்பட்டன. 1998-இல் இதன் இரண்டாம் பதிப்பும், 1999-இல் சீனத்தின் 'மூன்று அரசுகள்' பெருங்கதையைத் தழுவிய பதிப்பும் வந்தன. இலக்கிய ஆர்வலர்க்குச் சுவையூட்டும் செய்தி இது: சாவ் சாவ், லியூ பெய் முதலிய கதைமாந்தர்கள் சீட்டுகளாய் உலவிய பதிப்பு அது.

ஆனால் போர்ட்டல் வரிசை அந்த ஆண்டுடன் முடிவுற்றது. காரணம் எளியது. போர்ட்டலில் பழகியவர் உண்மையான ஆட்டத்துக்கு வந்தபோது கற்ற சொற்களை மறக்க வேண்டியிருந்தது. அவர் சேர்த்த சீட்டுகளுக்குப் போட்டிகளில் இடமில்லை. 2005-இல்தான் பழஞ்சீட்டுகளுக்கான போட்டி வகைகளில் அவை ஏற்கப்பட்டன. கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி வேறொன்றைக் கற்பித்ததே போர்ட்டலின் பிழை.

அதே ஆண்டு அக்டோபரில் 'டெம்பஸ்ட்' தொகுதியுடன் வந்தது இரண்டாவது முயற்சி: ஆயத்தக் கட்டுகள். இதில் விதிகள் மாறவில்லை; சீட்டுகள் மாறவில்லை; பெட்டிக்குள் எழுந்தமானம் மட்டும் நீங்கியது. 60 சீட்டுகளும் ஒரு கருத்தைச் சுற்றித் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தன. நான்கு கட்டுகளுள் ஒன்று 'ஸ்லிவர்' என்னும் உயிரினக் கூட்டத்தை மையமாகக் கொண்டது. ஒரு ஸ்லிவருக்கு உள்ள திறன் மேசையிலுள்ள எல்லா ஸ்லிவர்களுக்கும் கிட்டும். சீட்டுகள் ஒன்றோடொன்று சேரும்போது வலிமை பெறுகின்றன என்னும் ஆட்டத்தின் உயிர்நாடியை, விளக்கவுரை ஏதுமின்றி அவை ஆடுபவருக்கு உணர்த்தின. இந்த வழி நிலைத்தது. பெயர்கள் மாறினாலும் ஆயத்தக் கட்டு இன்றுவரை தொடர்கிறது.

ஆயத்தமாய்க் கிடைப்பதெல்லாம் புதியவருக்கு ஏற்றதாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1997 முதல் 2004 வரை உலகப் போட்டியில் ஆடப்பட்ட கட்டுகள், பொன்னிற விளிம்புடன் மறுபதிப்பாக விற்கப்பட்டன. படித்துச் சுவைக்க அருமையானவை. ஆனால் ஒரு வீரர் தம் நெடுநாள் பழக்கத்தைக் கொண்டு இயக்கிய கட்டு, வேறொருவர் கையில் வாயடைத்து நின்றுவிடும்.

சுமையைக் குறைத்தல்

2006-இல் தொடங்கிய 'டைம் ஸ்பைரல்' தொகுதிகள், ஆட்டத்தின் பழமையை நுணுக்கமாக நினைவூட்டுபவை. தேர்ந்தவர்கள் கொண்டாடினார்கள், புதியவர்களுக்கு வாயில் அடைபட்டது. இதன்பின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டரும் அவருடைய குழுவினரும் ஒரு கொள்கையை வகுத்தனர். 2011-இல் அவர் அதை வெளிப்படையாக எழுதினார். புதியவரிடம் சேர்வன பெரும்பாலும் பொதுவான, மலிவான சீட்டுகள். ஆகவே சிக்கலான விதிகளை அரிய சீட்டுகளில் வைத்து, பொதுவானவற்றை எளிமையாக்க வேண்டும் என்பதே அது. ஒரு சீட்டு எளிதாகத் தோன்றி, பழகப் பழக ஆழம் காட்டுவதாய் இருக்கலாம் என்ற கருத்தையும் பின்னர் அவர் விளக்கினார்.

2020-இல் வந்த 'ஜம்ப்ஸ்டார்ட்' இன்னொரு படி. 20 சீட்டுகள் கொண்ட இரு பொதிகளைப் பிரித்து ஒன்றாகக் கலைத்தால் 40 சீட்டுக் கட்டு தயார். பொதி ஒவ்வொன்றுக்கும் ஒரு கருப்பொருள் உண்டு. கட்டமைக்கும் பாரம் நீங்கி, தெரிவு செய்யும் இன்பம் மட்டும் எஞ்சியது. 2024 நவம்பரில் 'ஃபவுண்டேஷன்ஸ்' தொகுதியுடன் வந்த தொடக்கநிலைப் பெட்டியில் இத்தகைய பொதிகள் பத்து. அவற்றுள் பூனைகள், இரத்தக் காட்டேரிகள் ஆகிய இரண்டும் முன்னதாகவே வரிசைப்படுத்தப்பட்டவை. அவற்றைக் கலைக்காமல், கையேட்டைப் பின்பற்றி முறைக்கு முறை ஆட வேண்டும். எழுந்தமானமாய் நிரப்பிய பெட்டியில் தொடங்கிய பயணம், 31 ஆண்டுகளுக்குப் பின் சீட்டைக் கலைப்பதையே முதல் ஆட்டத்தில் ஒத்திப்போடும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் உண்டு. 'கமாண்டர்' என்னும் வகையில் அடிப்படை நிலங்கள் தவிர 100 சீட்டுகளும் வெவ்வேறானவை. வழக்கமாக நால்வர் ஆடுவர். ஆடுவோரிடையே முளைத்த இவ்வகைக்கு 2011-இல் நிறுவனமே ஆயத்தக் கட்டுகளை வெளியிட்டது. இன்று பலர் இதன் வழியாகவே நுழைகின்றனர். நண்பர் குழுவில் ஆடுவதால் தோல்வி உறைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் மேசையில் நால்வரின் சீட்டுகளும் பரவிக் கிடக்க, புதியவர் படிப்பதிலேயே பொழுதைக் கழிக்கிறார்.

எதைத் தெரிவு செய்வது?

இவ்வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவை. முதற்கட்டில் ஒரு நிறம், மிஞ்சினால் இரண்டு. நிலங்கள் 60-க்கு 24 அளவில். விலை குறைந்த உயிரினங்கள் மிகுதியாக, முதல் மூன்று முறைகளில் ஏதேனும் செய்யத்தக்கதாக. ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய நோக்கம். சிவப்பு நல்லது என்பார்கள். நெருப்பை எதிராளியின்மீது செலுத்துவதா, அவருடைய உயிரினத்தின்மீது செலுத்துவதா என்ற கேள்வி அதில் தொடக்கம் முதலே எழும். பெரிய உயிரினங்களை இறக்கி முன்னேறும் பச்சை அந்தக் குழப்பத்தையும் தவிர்க்கும் என்பது என் எண்ணம்.

இவற்றினும் முக்கியமானது, கற்றுத்தருபவரும் அதற்கு நிகரான கட்டையே எடுத்து ஆட வேண்டும் என்பது. மிஞ்சிய சீட்டுகளைப் புதியவரிடம் தள்ளிவிட்டு, தம் பெருமைமிகு கட்டால் அவரை வீழ்த்துவது பல இடங்களில் நடப்பதுதான். வென்றவருக்கு அது ஒரு மாலைப்பொழுதின் வெற்றி. தோற்றவர் மறுபடி வராமலே போகலாம்.

புதியவர் தோற்கட்டும், தோல்வியின்றி எந்த ஆட்டமும் கைவராது. ஆனால், 'மூன்றாம் முறையில் நான் அந்த உயிரினத்தைத் தடுத்திருக்க வேண்டும்' என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்பவர் சீட்டுகளைத் திரட்டி, தாமாகவே மறுபடி கலைக்கத் தொடங்குவார்.