ஹார்ட்ஸ் மலையும் மறித்த தெருவும்

ஜேர்மனியின் நடுவே ஏறக்குறைய 110 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கிறது ஹார்ட்ஸ் மலைத்தொடர். அதன் உச்சி புறொக்கன், 1141 மீற்றர். எங்கட பிதுருதலாகலையின்ரை (2524 மீற்றர்) பாதி உயரமும் இல்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கிழக்கு-மேற்கு எல்லை இம்மலையை ஊடறுத்தது. மேற்கே பிறவுன்லாகே, கிழக்கே ஏலென்ட். இரண்டு ஊருக்கும் இடையில் சில கிலோமீற்றர்தான். காட்டுக்குள்ளால் தெருவும் இருந்தது. மலை மறிக்கவில்லை, மனிசர்தான் கம்பிவேலி போட்டு மறித்தார்கள். 1961இல் புறொக்கன் உச்சியும் சனங்களுக்குத் தடையானது. 1989 நவம்பர் 9இல் பேர்லின் மதில் திறந்தது. டிசம்பர் 3இல் சனம் திரண்டு மலையேறி, உச்சியின் வாசலையும் திறக்க வைத்தது.

‘ஏலென்ட்’ என்றால் இன்றைய ஜேர்மன் மொழியில் துயரம். பழைய மொழியில் வேற்றுநாடு! எங்களுக்கு விளக்கம் தேவையோ?

எங்கட கண்டி வீதியும் போரில் பல ஆண்டு மூடிக்கிடந்து, 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009க்குப் பின் மறுபடி திறந்தது. தெரு திறந்தும் வீடு போய்ச் சேராதவர்கள் எத்தனை பேர்!

சித்திரை விடுமுறையில் பிள்ளைகளை ஹார்ட்சுக்குக் கூட்டிப் போங்கோ. பழைய எல்லை எது எண்டு காட்டுங்கோ. பிறகு எங்கட தெருவின்ரை கதையையும் சொல்லுங்கோ.