நிலவுக்குக் காவல்

1681-ஆம் வருஷம் பனாமா பூசந்தியின் கரையோரம் ஓர் ஆங்கிலக் கொள்ளைக் கப்பல் வந்து நின்றது. அதன் மேல்தளத்தில் அந்நாட்டுப் பழங்குடியினர் சிலர் வந்து குந்தி உட்கார்ந்தார்கள். உடம்பெல்லாம் வர்ணப் பூச்சு, இடுப்பில் ஒரு துணி, மூக்கில் ஒரு தொங்கல். கப்பல்காரர்கள் அவர்களுக்கு நடுவே நடமாடினார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவர்களில் ஒருவனுக்கு உறைத்தது, அந்தக் கூட்டத்தில் குந்தியிருப்பவர்களில் ஒருவன் தங்களுடைய சொந்த வைத்தியன் என்று!

அந்த வைத்தியனின் பெயர் லயனல் வேஃபர். வேல்ஸ் நாட்டுக்காரன். சில மாதங்களுக்கு முன்னால் கூட்டாளிகளோடு காட்டைக் கடந்து வரும்போது, வெடிமருந்தை உலர்த்திக் கொண்டிருந்த ஒருவனின் அஜாக்கிரதையால் மருந்து பற்றிக்கொண்டு வேஃபரின் முழங்கால் எலும்பு தெரிய வெந்து போயிற்று. நடக்க முடியாதவனைக் காட்டிலே விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்கள். கொள்ளைக்காரர்களுடைய சிநேகம் வேறு எப்படி இருக்கும்? அவனைக் காப்பாற்றியவர்கள் அந்தக் காட்டு மக்கள். குனா என்பது அவர்கள் பெயர். பச்சிலை வைத்துக் கட்டி அவன் காலை ஆற்றியதோடு, பெண்கள் அவனுக்கு வர்ணமும் தீட்டிவிட்டார்கள். தலைவன் லசெந்தாவின் மனைவி காய்ச்சலாகக் கிடந்தபோது வேஃபர் கத்தியால் நரம்பைக் கீறி இரத்தம் எடுத்தான். மறுநாள் அவள் தேறியதும் அவனுக்கு ஏற்பட்ட மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் திரும்பிய வேஃபர் 1699-இல் ஒரு புத்தகம் வெளியிட்டான். அதில் சில பக்கங்கள் அன்றைய ஐரோப்பாவைத் தூக்கி வாரிப்போட்டன. செம்பு நிறமுள்ள அந்த மக்களிடையே பால் போன்ற வெள்ளை நிறத்தில் சிலர் இருக்கிறார்கள். தலைமயிரும் புருவமும் வெள்ளை. உடம்பில் பூனைமயிர் போல வெள்ளை ரோமம். பகலில் வெயிலைப் பார்க்க மாட்டாமல் கண்ணில் நீர் வடிய வீட்டிலேயே கிடக்கிறார்கள். நிலவு எழுந்துவிட்டாலோ காட்டில் மான் போல் ஓடுகிறார்கள்! இருநூறு முந்நூறு பேருக்கு ஒருவர் இப்படி என்று கணக்கும் சொன்னான்.

கொள்ளைக்காரன் எழுதியதுதானே என்று தள்ளிவிடுவதற்கில்லை. இவர்கள் தனி இனமல்லர், செம்பு நிறத் தாய் தந்தையருக்கே பிறந்தவர்கள் என்று அவன் தெளிவாக எழுதியிருக்கிறான். பின்னால் வந்த படித்தவர்கள் பலருக்கு இல்லாத நிதானம் அது.

லசெந்தா இதற்கு ஒரு காரணம் சொன்னானாம். கரு உண்டாகும் நேரத்தில் தாய் நிலவையே பார்த்துக் கொண்டிருந்தால் பிள்ளை நிலவின் நிறத்தில் பிறக்கும் என்று. இதைக் கேட்டு நாம் சிரிப்பதற்குமுன் நம் மகாபாரதத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். வியாசரின் கோலத்தைக் கண்டு அம்பாலிகை முகம் வெளுத்தாள். அதனால் பாண்டு வெளுத்த நிறத்தோடு பிறந்தான் என்றுதானே கதை! இங்கே பயம், அங்கே நிலா. பழி தாயின் தலையில் விழுவது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

உண்மை என்ன? நம் தோலுக்கும் மயிருக்கும் கண்ணுக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அதை உண்டாக்கும் ஏற்பாட்டில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருந்தால் உடம்பு நிறமின்றி வெளுத்துவிடுகிறது. இப்படிப் பிறந்தவர்களை ஆல்பினோ என்கிறார்கள். நம் ஊரில் பிற்பாடு திட்டுத்திட்டாகத் தோல் வெளுப்பதற்கு வெண்குஷ்டம் என்று தவறாகப் பெயர் வைத்திருக்கிறோம். அதுவும் குஷ்டமல்ல, இதுவுமல்ல அது. தொட்டால் ஒட்டுவதும் கிடையாது. தாயும் தகப்பனும் அந்தக் கோளாறுள்ள ஜீனை ஆளுக்கு ஒன்றாகத் தங்களை அறியாமலே சுமந்து கொண்டிருப்பார்கள். அவர்கள் நிறத்தில் ஒரு குறையும் தெரியாது. இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால்தான் வெளுப்பு. ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. குனா மக்கள் வெளியாரோடு அதிகம் கலக்காமல் தங்களுக்குள்ளேயே மணந்து வந்ததால் அந்த ஜீன் அவர்களிடம் தங்கிவிட்டது.

கண்ணின் சங்கதி இன்னும் கஷ்டமானது. நிறப்பொருள் இல்லாத கண்ணில் விழித்திரை சரியாக உருவாவதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளும் வழக்கமான பாதையில் போவதில்லை. விழி ஓயாமல் ஆடும். கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதும் தெளியாது. இரவில் அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மையானது என்பதல்ல. வெயிலின் கூச்சம் இல்லை, அவ்வளவே. வேஃபர் கண்டது பகலெல்லாம் அடைந்து கிடந்தவர்களின் விடுதலை ஓட்டம்.

நிற்க. இனி 1924-க்கு வருவோம். ரிச்சர்டு மார்ஷ் என்ற அமெரிக்க எஞ்சினீயர், அதற்கு முந்தின வருஷம் ரப்பர் பயிரிட நிலம் தேடி பனாமாவின் டாரியன் காட்டுக்குப் போனவர், அங்கே வெள்ளைத் தோலும் பொன்னிறக் கூந்தலுமாகச் சில பெண்களைக் கண்டார். அவ்வளவுதான், ரப்பர் மறந்து போயிற்று. ஆதிகாலத்து வெள்ளை இனம் ஒன்று அமெரிக்கக் காட்டில் ஒளிந்து வாழ்கிறது என்று அவர் மனம் கோட்டை கட்டிவிட்டது. விஞ்ஞானிகளைச் சேர்த்துக்கொண்டு மறுபடி புறப்பட்டார். அந்தப் பிரயாணத்தில் ஜான் பேயர் என்ற மானிடவியலாளர் நோய்ப்பட்டு இறந்தார். மார்ஷ் வெள்ளைப் பிள்ளைகள் மூவரையும் வேறு சில குனா மக்களையும் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். பத்திரிகைகள் மொய்த்தன. விஞ்ஞானிகள் பிள்ளைகளின் தோலையும் மயிரையும் கண்ணையும் சோதித்தார்கள்.

அந்த வருஷத்தையும் கவனிக்க வேண்டும். 1924 மார்ச்சில்தான் வர்ஜீனியா ராஜ்யம் வெள்ளையர் மற்றவரை மணக்கக்கூடாது என்று கடுஞ்சட்டம் செய்தது. மே மாதம் அமெரிக்க அரசு ஆசியாக்காரருக்குக் கதவைச் சாத்திக் குடியேற்றச் சட்டம் கொண்டு வந்தது. தோலின் நிறமே மனிதனின் விலை என்றிருந்த நாட்டில், பழங்குடி வயிற்றில் பிறந்த வெள்ளைக் குழந்தையை என்ன செய்வது? இனம் என்றால் உறவு. நோய் என்றால் வேடிக்கை. குழந்தை எல்லாவிதத்திலும் அதே குழந்தைதான். பிறகு ரெஜினால்டு ஹாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் குனா மக்களிடையே ஆராய்ந்து, இது ஆல்பினோப் பிறவிதான் என்று எழுதினார். மார்ஷ் கேட்பதாயில்லை. 1934-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயரிலும் 'வெள்ளை இந்தியர்' இருக்கிறார்கள்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. பனாமா அரசு அப்போது குனா மக்களை 'நாகரிகப்படுத்த' முனைந்து, பெண்களின் மூக்கு வளையத்தையும் 'மோலா' என்னும் தையல் சட்டையையும் போலீசை வைத்துத் தடுத்துக் கொண்டிருந்தது. நெலே கந்துலே, கோல்மன் என்ற இரண்டு தலைவர்கள் பொறுமை இழந்தார்கள். 1925 பிப்ரவரியில் கார்னிவல் கொண்டாட்ட நாளில் தீவுகளில் கலகம் வெடித்தது. போலீசார் பலர் கொல்லப்பட்டார்கள். சுதந்தரப் பிரகடனத்தை எழுதிக் கொடுத்தவர் யார் என்கிறீர்கள்? மார்ஷ்தான்! அமெரிக்கப் போர்க்கப்பல் 'கிளீவ்லாண்டு' வந்து நின்றது. மார்ச் 4-ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. குனா மக்களின் வழக்கங்களில் தலையிடுவதில்லை என்று பனாமா ஒப்புக்கொண்டது. மார்ஷ் அந்தப் பிள்ளைகளைத் தம் கற்பனைக்கு உபயோகித்துக்கொண்டார். குனா தலைவர்கள் மார்ஷைத் தங்கள் காரியத்துக்கு உபயோகித்துக்கொண்டார்கள். இரண்டாவது உபயோகம்தான் புத்திசாலித்தனமானது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்தத் தலைவர்களின் ஊரிலேயே வெள்ளைப் பிள்ளைகளின் வாழ்வு எப்படி இருந்தது? அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேஃபர் காலத்திலேயே அவர்களுக்கு மதிப்புக் குறைவு. பிந்திய காலத்திலும் அவர்கள் மணம் செய்துகொள்வதை வழக்கம் தடுத்து வந்தது. குனா ஆண்கள் ஓடத்தில் பெருநிலக் கரைக்குப் போய்ப் பகலெல்லாம் வெயிலில் பயிர் செய்பவர்கள். பூமத்தியரேகைக்கு ஒன்பது பாகை வடக்கே அடிக்கும் வெயில் அது. நிறமற்ற தோலில் அது கொப்புளமாகித் தொடங்கும், புற்றுநோயில் போய் முடியும். வெள்ளையாய்ப் பிறந்தவன் வீட்டு நிழலில் தங்க வேண்டும்; மற்ற ஆண்கள் உழைத்துத் திரும்புவதைத் திண்ணையிலிருந்து பார்க்க வேண்டும். வேலையில்லாத ஆண் என்ற பெயர் எந்த ஊரிலும் சுலபமானதல்ல.

அப்படிப்பட்டவனுக்கு அந்தச் சமூகம் ஒரு பதவியும் கொடுத்திருந்தது. கிரகணத்தின்போது ஒரு பூதம் சந்திரனை விழுங்குகிறது என்பது குனா நம்பிக்கை. நம் ராகு கேதுவுக்குத் தூரத்து உறவு. அப்போது ஊரார் வீட்டுக்குள் அடைந்துவிடுவார்கள். வெளியே வர உரிமையுள்ளவர் 'சிப்பு' எனப்படும் வெள்ளைப் பிறவிகள் மட்டுமே. அவர்கள் சின்ன வில்லும் அம்பும் எடுத்து வானத்தை நோக்கி எய்து பூதத்தைத் துரத்துவார்கள்.

இப்படித் தெய்வ சம்பந்தம் கற்பிப்பதில் அபாயமும் உண்டு. ஆப்பிரிக்காவில் தான்சானியா முதலிய நாடுகளில், ஆல்பினோவின் உடலுறுப்புக்கு மந்திர சக்தி உண்டென்று நம்பி இந்த நூற்றாண்டிலேயே குழந்தைகளைக்கூட வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். 2014-இல் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 13-ஐ ஆல்பினோக்களுக்கான விழிப்புணர்வு நாளாக அறிவித்ததற்கு அந்தக் கொலைகளும் ஒரு காரணம். குனா நம்பிக்கை பிள்ளையின் கையில் வில்லைக் கொடுத்தது. அங்கே பிள்ளையின் கையையே கேட்டது.

1950-களில் கிளைடு கீலர் என்ற மரபியல் அறிஞர் அந்தத் தீவுகளில் ஆயிரத்துக்கு ஏழு பேர் வெள்ளைப் பிறவி என்று கணக்கெடுத்தார். காரணமான ஜீன் கோளாறு இன்னதென்று 2009-இல் கண்டுபிடித்தாயிற்று. அந்தத் தீவுகள் இன்று 'குனா யாலா' என்ற பெயரில் சுயாட்சிப் பிரதேசம். வெள்ளைப் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டியவை அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, வெயில் தாங்கும் களிம்பு, பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஓர் இடம். தொப்பியும் களிம்பும் கடையில் கிடைக்கும், காசிருந்தால். முன்வரிசை இடத்துக்குக் காசு வேண்டாம், வாத்தியார் மனது வைத்தால் போதும்.