குண்டுக்கு உதவாத கறுப்புத் தூள்

யுரேனியம் என்றால் அடுத்து நம் வாயில் வரும் சொல் குண்டு. நம் மேல் தப்பில்லை. ஹிரோஷிமாவுக்குப் பிறகு அந்தப் பெயரை வேறு எதனோடும் சேர்த்துப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த எனக்கும் அது எரிபொருளாக மட்டுமே அறிமுகமானது. காந்தம் வேறு பாடம். அதில் இரும்பு, கோபால்ட், நிக்கல் வரும். இரண்டு பாடமும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு: யுரேனியம் ஹைட்ரைடு. 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் இந்தச் சேர்மத்தை வைத்து இரண்டு நாடுகளில் நடந்த சோதனைகளை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். யுரேனிய உலோகத்தைச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால், கட்டி உலோகம் கறுப்புத் தூளாக உதிர்ந்துவிடும். ஒரு யுரேனிய அணுவுக்கு மூன்று ஹைட்ரஜன் அணுக்கள். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக்கூடிய தூள். உள்ளே நுழைந்த ஹைட்ரஜன் யுரேனிய அணுக்களைத் தள்ளி உட்கார வைக்கிறது. கன சென்டிமீட்டருக்கு 19 கிராமாக இருந்த அடர்த்தி 11 கிராமுக்கு இறங்குகிறது.

அமெரிக்காவில் இந்தத் தூளை வைத்து ஒரு கனவு கண்டார்கள். ஹைட்ரஜன் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும். மெதுவான நியூட்ரான் யுரேனியத்தைச் சுலபமாகப் பிளக்கும். அப்படியென்றால் கொஞ்ச யுரேனியத்திலேயே குண்டு செய்துவிடலாமே? லாஸ் அலமோஸ் போர்க்காலத்திலேயே இந்த யோசனையைக் கைவிட்டது. 1952இல் புதிதாகத் தொடங்கிய லிவர்மோர் ஆய்வகம் விடவில்லை. 1953 மார்ச் 31, நெவாடா பாலைவனம். குண்டின் பெயர் ‘ரூத்’. வெடித்தது, ஆனால் சுமார் 200 டன் டிஎன்டி அளவுக்குத்தான். ஹிரோஷிமாவில் அது ஏறக்குறைய 15,000 டன். குண்டை ஏற்றி வைத்த இரும்புக் கோபுரம்கூட முழுசா அழியவில்லை. அடிப்பகுதி அப்படியே நின்றது. ஏப்ரல் 11இல் ‘ரே’. அதுவும் புஸ்வாணம். நியூட்ரான் மெதுவானால் தொடர்வினையும் மெதுவாகிறது. அது வளர்வதற்குள் பொருளே சிதறிப் போகிறது.

இதற்கு முந்தைய ஆண்டு, போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரம். 1945 வரை அது பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம். போரின் கடைசி மாதங்களில் முற்றுகையில் பெரும்பகுதி இடிந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததும் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சோவியத் வசமான ல்வூஃப் நகரிலிருந்து போலந்துப் பேராசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் வேதியியலாளர் வ்வொஜிமியெஷ் செபியாதோவ்ஸ்கி. அவரும் சகாக்களும் இதே தூளைக் குளிரவைத்து அளந்தார்கள். மைனஸ் 100 டிகிரிக்கு அருகில் அது இரும்பைப்போலவே காந்தமானது. யுரேனிய உலோகத்தை எவ்வளவு குளிர்வித்தாலும் இந்தக் குணம் வராது. 1952இல் முடிவை வெளியிட்டார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம்? யுரேனியத்தின் வெளி எலெக்ட்ரான்கள் டங்ஸ்டனைப் போல நடந்துகொள்கின்றனவா, அரிய மண் உலோகங்களைப் போலவா என்ற கேள்வி அப்போது முழுசாகத் தீரவில்லை. உலோகத்தில் அணுக்கள் நெருங்கியிருப்பதால் அந்த எலெக்ட்ரான்கள் ஒன்றோடொன்று கலந்து பொதுச்சொத்தாகிவிடுகின்றன. தள்ளி வைத்தால் ஒவ்வொரு அணுவும் தன் காந்தத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. ‘கிட்ட இருந்தால் முட்டப் பகை’ என்று பாட்டிமார் சொல்வது நினைவுக்கு வரலாம். 1970இல் ஹில் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை விதியாகவே எழுதினார்: யுரேனிய அணுக்களின் இடைவெளி சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் காந்தம் எதிர்பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், ஹைட்ரைடில் அந்த இடைவெளி 3.3தான். விதிப்படி அது காந்தமாகவே கூடாது. இடைவெளி மட்டுமல்ல, ஹைட்ரஜன் யுரேனியத்திடமிருந்து எலெக்ட்ரான்களை இழுத்துக்கொள்வதும் காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இந்த வழியில் போனவர்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்கள். 2000இல் யுரேனியம்–ஜெர்மேனியம் சேர்மம் ஒன்று, அழுத்தத்தில், காந்தமாக இருந்துகொண்டே மின்தடையில்லாத மீக்கடத்தியாகவும் ஆனது. இந்த இரண்டு குணமும் ஒரே பொருளில் சேர்ந்து வாழாது என்றுதான் பொதுவாக நம்பியிருந்தார்கள்.

வ்ரோத்ஸ்வாஃபைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. அதே வட்டாரத்தில், கோவாரி சுரங்கத்திலிருந்து அந்த ஆண்டுகளில் யுரேனியத் தாது சோவியத் யூனியனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அறிவியல் அங்கேயும் அரசியலின் நிழலில்தான் நடந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நெவாடாவில் இருந்தவர்கள் அந்தத் தூளிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அது செய்யவில்லை, தூக்கிப் போட்டார்கள். செபியாதோவ்ஸ்கியின் கூட்டம் ‘நீ யார்?’ என்று கேட்டது. அந்தக் கேள்விக்கான பதில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வ்ரோத்ஸ்வாஃபில் அவர் பெயரில் இயங்கும் ஆய்வு நிறுவனத்தில் இன்றும் யுரேனியச் சேர்மங்களைக் குளிரவைத்து அளக்கிறார்கள்.