கீழாநெல்லியின் கசப்பு: பில்லாந்தின் பிறந்த கதை

கீழாநெல்லியைக் கண்டுபிடிக்கத் தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்து வாழைத் தோப்பில் தண்ணீர் பாய்ந்த வரப்போரம், காவிரிக்கரை மணல், வீட்டுக் கொல்லை என்று எங்கேயும் முழங்காலுக்குக் கீழே நிற்கும். இணுக்கு ஒன்றை ஒடித்துத் திருப்பினால் போதும். மிளகைவிடச் சின்னதாகப் பச்சைக் காய்கள் அடியில் வரிசைகட்டித் தொங்கும். நாக்கில் வைத்தால் கசக்கும். மஞ்சள் காமாலை என்றால் செடியை வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் மைய அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு எடுத்து வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். கூடவே உப்பில்லாப் பத்தியம்.

அந்தக் கசப்பிலிருந்து பிரித்தெடுத்த படிகத்துக்குத்தான் பில்லாந்தின் என்று பெயர். மருந்தாகும் என்று நம்பித் தேடிய பொருள் அது. கடைசியில் அது போய்ச் சேர்ந்த வேலை வேறு.

கதையின் முக்கியமான ஆள் நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர். டி. ஆர். சேஷாத்ரி 1900-ல் குளித்தலையில் பிறந்தார். பள்ளிப்படிப்பு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் முடித்துவிட்டு, இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் போய் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்தார். தாவரப் பொருள்களின் வேதியியலுக்காகப் பிற்பாடு 1947-ல் நோபல் பரிசு வாங்கிய அதே ராபின்சன். திரும்பி வந்த சேஷாத்ரிக்கு முதலில் கிடைத்தது கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் மண் பரிசோதிக்கிற வேலை. 1933-ல் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஒரு வேதியியல் பரம்பரையையே உருவாக்கினார். 1949-ல் தில்லிக்கு மாறிய பின்னும் அது தொடர்ந்தது. 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

பெரிய தொழிற்சாலைச் சாமான் எதுவும் கேட்காத ஆராய்ச்சி அவருடையது. பருத்திப் பூவின் நிறமி, மளிகைக்கடைக் கல்பாசி என்று கைக்கெட்டிய பொருள்களை எடுத்து, அவற்றுக்குள் என்ன மூலக்கூறு இருக்கிறது என்று பார்ப்பார். அந்த வரிசையில் கீழாநெல்லியும் வந்தது. அதன் கசப்புப் பொருளைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியக் குறிப்பு இருந்தது. அதைப் படிகமாகப் பிரித்து, முறையாக ஆராய்ந்து, ஜி. வி. கிருஷ்ணமூர்த்தியும் சேஷாத்ரியும் 1946-ல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். மீனுக்கும் தவளைக்கும் பில்லாந்தின் நஞ்சு என்று பழைய இந்திய மூலிகைக் களஞ்சியங்கள் எழுதி வைத்திருக்கின்றன. நாம் மோரில் கலக்கிக் குடிக்கிற சங்கதி!

மூலக்கூறின் முழு வடிவத்தை அவிழ்க்க மேலும் இருபது வருடம் ஆனது. அதை 1960-களில் முடித்தவர்கள் வால்டேரின் எல். ராமச்சந்திர ராவ் குழுவினர். 24 கார்பன், 34 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். லிக்னான் என்ற வகை. ஆறு ஆக்சிஜனும் மீத்தாக்சி என்ற ஒரே கோலத்தில் உட்கார்ந்திருக்கின்றன, தண்ணீரோடு ஒட்டுகிற ஹைட்ராக்சில் ஒன்றுகூட இல்லை. அதனால் பில்லாந்தின் தண்ணீரில் கரைவது அபூர்வம்; சாராயத்திலும் ஹெக்சேனிலும் நன்றாகக் கரையும். செடியைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிப்பதும், சக்கையோடு அரைத்து விழுங்குவதும் ஒன்றல்ல என்று இதிலிருந்தே தெரிகிறது. அரைத்துக் கொடுத்த பாட்டிமார் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பலன் ஒன்று, காரணம் வேறு என்பது வைத்தியத்தில் சகஜம்.

ஸ்ரீரங்கத்துக்கு வைத்தியம் புதிதல்ல. பெரிய கோயிலுக்குள் தன்வந்திரிக்கு இன்றும் சன்னதி இருக்கிறது. சமயபுரத்துக்குப் பக்கத்துக் கண்ணனூரில் ஹொய்சளர் கோலோச்சிய 13-ஆம் நூற்றாண்டில், வீர ராமநாதன் காலத்தில், கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்று ஏற்படுத்தினார்கள். அது சிதைந்து கிடந்ததை கருடவாகன பட்டர் வழியில் வந்தவர் திரும்பக் கட்டித் தன்வந்திரியைப் பிரதிஷ்டை செய்தார் என்கிறது சக வருடம் 1415, அதாவது 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. யார் கட்டினார், யார் பொறுப்பு என்று கல்வெட்டு சொல்கிறது. எந்தச் செடியை எப்படி அடையாளம் கண்டார்கள் என்பது கல்லில் வெட்டுகிற விஷயமாக இருக்கவில்லை. அது கைப்பழக்கமாகவே போனது.

பில்லாந்தின் கதையில் சிக்கலும் இந்த அடையாளத்திலிருந்துதான் வருகிறது. சேஷாத்ரி காலத்து இந்திய நூல்கள் எல்லாம் கீழாநெல்லியைப் பில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதின. 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. ஆனால் 1950-களில் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் மேற்கிந்தியத் தீவுகளின் பில்லாந்தஸ் செடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று நிறுவினார். நம் கொல்லையில் நிற்பது பில்லாந்தஸ் அமாரஸ். வேதியியல்காரர்கள் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. நிரூரி என்ற தலைப்பிலேயே கட்டுரை மேல் கட்டுரையாக வந்தது.

1980-களில் விஷயம் பெரிதானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் எஸ். பி. தியாகராஜன் ஹெபடைட்டிஸ்-பி வைரஸுக்கு எதிராகக் கீழாநெல்லியைச் சோதித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் இதில் கைகோத்தது. அங்கே இருந்தவர் பரூக் பிளம்பர்க். அந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் அவருடன் பணியாற்றிய வெங்கடேஸ்வரனும் 1987-ல் வெளியிட்ட கட்டுரை, செடியின் நீர்ச் சாறு வைரஸின் நொதியைத் தடுக்கிறது என்றது. தலைப்பில் நிரூரி. மறு வருடம் லான்செட் இதழில் நோயாளிகளிடம் நடந்த சோதனை வந்தது. தலைப்பில் அமாரஸ்! ஒரே வருடத்தில் செடி தன் பெயரைத் திருத்திக்கொண்டது. கட்டுரையை எழுதிய ஐவரில் ஒருவர் பின்னாளில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

லான்செட் சொன்ன கணக்கு எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி, நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்து தின்ற 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதத்தினருக்கு, வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் காணாமல் போயிருந்தது. மருந்தில்லாத வெற்றுப் பொடி தின்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகம் முழுக்கக் கீழாநெல்லிக்கு மவுசு வந்தது.

ஆனால் 1990-ல் தாய்லாந்துக்காரர்கள் அதே லான்செட்டில், எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினார்கள். நியூசிலாந்திலும் 1994-ல் அதே முடிவுதான். 1995-ல் மூன்று இடத்துச் செடிகளை ஒப்பிட்டார்கள்: இந்திய அமாரஸ், சீனாவின் ஹைனான் தீவு நிரூரி, ஹெனான் மாகாணத்து யூரினாரியா. யூரினாரியா தின்றவர்களிடம் சில குறியீடுகள் மாறின. மேலுறைப் புரதம் மட்டும் யாருக்கும் போகவில்லை. 2011-ல் காக்ரேன் தொகுப்பாய்வு எல்லாச் சோதனைகளையும் அடுக்கிப் பார்த்துவிட்டு, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றது.

அப்படியானால் காமாலைக்குக் கொடுத்த தலைமுறைகள் கண்டது என்ன? காமாலை ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போயிருக்கும். பி வகை வருடக்கணக்கில் உள்ளே குடியிருக்கக்கூடியது. இரண்டையும் ஒரே மஞ்சள் கண்ணை வைத்துக் கணக்குப் பார்த்தால் கணக்கு தப்பும். அதற்காகச் செடியில் ஒன்றுமே இல்லை என்பதும் அவசர முடிவு. ஆய்வகத்தில் நஞ்சூட்டிய எலியின் கல்லீரல் செல்களைப் பில்லாந்தின் காக்கிறது என்று 1985-லேயே காட்டியிருக்கிறார்கள். எலி செல்லிலிருந்து மனிதருக்கான மாத்திரை வரைக்கும் உள்ள தூரத்தை யாரும் இன்னும் கடக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்தில் அவிழ்க்க முடிந்த முடிச்சு ஒன்று உண்டு: தாய்லாந்தில் கொடுத்தது எந்தச் செடி, சென்னையில் கொடுத்தது எந்தச் செடி? அந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்கிற இடம் ஒன்று திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருக்கிறது. 1844-ல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883-ல் திருச்சிக்கு வந்த கல்லூரி அது. பிரெஞ்சு சேசு சபைத் தாவரவியலாளர் ஆல்ஃபிரட் ராபினாட் பெயரில், சேசு சபையின் கே. எம். மேத்யூ 1967-ல் அங்கே உலர்ந்த செடிகளைச் சேமிக்கிற ஹெர்பேரியம் ஒன்றைத் தொடங்கினார். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே உள்ள சமவெளியும் கொல்லிமலை, பச்சைமலை மாதிரி குன்றுகளும் அவருடைய களம். அங்கே திரட்டியதை வைத்துத் தமிழ்நாடு கர்நாடிக் பகுதியின் தாவரக் களஞ்சியத்தை 1981 தொடங்கித் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அதற்கு முன் கையில் இருந்தது கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூல். 1915-ல் வரத் தொடங்கியது.

ஹெர்பேரியத்தில் கீழாநெல்லியை வைக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். வேரோடு பிடுங்கி, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து பிரஸ்ஸில் இறுக்குவார்கள். ஈரத் தாளை மாற்றி மாற்றி உலர்த்துவார்கள். ஒரு இணுக்கையாவது மல்லாத்தி வைக்காவிட்டால் காய்கள் இலைக்கடியில் மறைந்துபோகும். காய்தான் அடையாளமே: அமாரஸுக்கு வழவழப்பு, சின்னக் காம்பு, யூரினாரியாவுக்குச் சொரசொரப்பு, காம்பே இல்லாத மாதிரி. உலர்ந்தால் நிறம் போய்விடும். ஆகவே பூவின் நிறம், இடம், தேதி, பறித்தவர் எண் எல்லாம் சீட்டில் ஏறும். நடுத் தமிழகத்தில் மூலிகை ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆய்வேட்டில் வவுச்சர் எண் என்று குறிப்பிடுவது இப்படியொரு தாளைத்தான்.

நாட்டு மருந்துக் கடைப் பைக்கு அந்தத் தாள் கிடையாது. 2010-ல் வந்த ஓர் ஆய்வு தென்னிந்தியாவில் 25 கடைகளின் சரக்கைச் சோதித்தது. 76 சதவீதக் கடைகளில் இருந்தது அமாரஸ்தான். மீதியில் டெபிலிஸ், ஃப்ரடெர்னஸ், யூரினாரியா, மேலாநெல்லி உள்பட உறவுக்காரச் செடிகள் ஐந்து கலந்து வந்தன. காய்ந்து நொறுங்கிய சரக்கில் காம்பையும் காயையும் தேட முடியாது. அங்கேதான் 1946-ன் படிகம் வேலைக்கு வருகிறது. கீழாநெல்லிப் பொடி ஒரிஜினலா என்று பார்க்கிற தரப்பரிசோதனைக்கூடங்கள், சாராயத்தில் ஊறவைத்து, குரோமட்டோகிராபி தட்டில் ஓட்டி, பில்லாந்தினும் அதன் உறவுக்கார லிக்னான் ஹைப்போபில்லாந்தினும் எவ்வளவு என்று பார்க்கின்றன. இருந்தால் சரக்கு பாஸ். இல்லையென்றால், பைமேல் என்ன எழுதியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.