மரமும் ஓடும்: வீட்டுத் தரையின் கதை



ஒரு வீட்டிற்குச் செல்வோர் சுவரை நோக்குவர், சாளரத்தை நோக்குவர், தரையைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. ஆயினும் நம் உடம்போடு நாள்தோறும் உறவாடுவது தரைதான். குழந்தை தவழ்வதும், முதியோர் கால் ஊன்றி நடப்பதும், நாம் பாய் விரித்துப் படுப்பதும் அதன்மேல்தான்.

மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ பல்லாண்டு உழைத்து, அடுக்குமாடியில் சிறு வீடொன்றை வாங்கும் நம்மவர் முன் இன்று ஒரு வினா எழுகிறது. மரப்பலகை போலவே தோன்றும் ஓடுகள் கடைதோறும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எந்த அறையில் பதிப்பது? வீட்டில் முன்பே உள்ள கல்லோடும் மொசைக்கோடும் எவ்வாறு இணைப்பது? இது வெறும் அலங்காரத்தைப் பற்றிய ஐயம் போலத் தோன்றலாம். ஆனால் இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் நமக்கு முன்பே பலர் இருந்தனர்.

தரையை அழகுசெய்யும் விருப்பம் மிகத் தொன்மையானது. இராஜஸ்தானத்துக் காலிபங்கனில் 1960 முதல் நடைபெற்ற அகழாய்வில், ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள் பொறித்த சுட்ட ஓடுகள் பாவிய தரை கிடைத்தது. அது சிந்துவெளி நாகரிகக் காலத்தது. ஆயினும் எப்பொருளால் தரையிடுவது என்பதை அழகு மட்டும் முடிவு செய்ததில்லை. நீரும் நெருப்பும் தட்பவெப்பமுமே அதனைப் பெரிதும் முடிவு செய்தன.

இதற்கு ஒரே சிற்பி வடிவமைத்த இரு மாளிகைகள் சான்று. சிம்லாவில் 1888-இல் நிறைவுற்ற வைசிராய் மாளிகையை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். குளிர்மிக்க அம்மலையில், மாளிகையின் உட்புறத்தைப் பர்மாத் தேக்காலும், தேவதாரு, வால்நட் ஆகிய மரங்களாலும் அணிசெய்தார். பின்னர் மைசூரில், அரச குடும்பத்துத் திருமணத்தின்போது 1897-இல் பழைய மர அரண்மனை தீக்கிரையாயிற்று. புதிய அரண்மனையை வடிவமைக்கும் பணியும் இர்வினிடமே வந்தது. 1912-இல் நிறைவுற்ற அம்மாளிகையில் கல்லும் இரும்பும் மிகுந்தன. கல்யாண மண்டபத்தின் தரையில் வண்ண ஓடுகள் இடம்பெற்றன. மலையில் மரத்தை நாடிய கை, மர அரண்மனை எரிந்த இடத்தில் கல்லையும் ஓட்டையும் நாடியது.

ஒரே வீட்டிற்குள் இரு தரைகளை இணைக்கும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனையில் கண்ணாடிபோல் மின்னும் கரிய தளத்தைக் காண்கிறோம். தேங்காய் ஓட்டுக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியன கலந்து இழைத்தது அது என்பர். மரப்பலகைத் தளமும் அங்கு உண்டு. மண்ணின் ஈரம் படும் இடத்தில் மரம் உளுத்துப்போகும்.  ஆயினும் இரண்டும் ஒரே அரண்மனையில் அமைந்தன. செட்டிநாட்டு வீடுகளையும் நோக்குங்கள். பர்மாவில் வாணிகம் செய்தோர் அங்கிருந்து கொணர்ந்த தேக்கு, தூணாகவும் கதவாகவும் நின்றது. தரையிலோ சலவைக் கல்லும் ஆத்தங்குடிக் கல்லும் பரவின. தேக்கு அவர்களுக்கு அரிதன்று. எனினும் நாள்தோறும் நீர் விட்டுக் கழுவும் தரைக்கு அது ஏற்றதன்று.

இனி, மரம் போன்ற ஓட்டினைப் ‘போலி’ என்று இகழ்வோர்க்கு ஒரு சொல். நாம் இன்று பழம்பெருமையாகப் போற்றும் தரைகளும் ஒரு காலத்தில் மாற்றுப் பொருள்களே. இங்கிலாந்தில் 1830-இல் சாமுவேல் ரைட் உரிமை பெற்ற முறையைக் கொண்டு, ஹெர்பர்ட் மின்டன் பழைய தேவாலயத் தரைகளைப் போன்ற சித்திர ஓடுகளைச் செய்தார். அவற்றைச் சூளையில் சுட வேண்டும், விலையும் மிகுதி. அவ்வழகைக் குறைந்த செலவில் தர எழுந்ததே பூவேலைச் சிமெண்ட் ஓடு. மும்பையில் 1922-இல் சித்வா குடும்பத்தினர் சுதேசி உணர்வோடு பாரத் டைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சினை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்ட்டும் மணலும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுக்கின்றனர், சூளையே இல்லை. அக்கண்ணாடிதான் கல்லுக்கு மினுமினுப்பைத் தருகிறது.

மரத்தைப் போலச் செய்யும் முயற்சியும் பழையதே. ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கொண்டு பிரெடரிக் வால்டன் 1860-களில் உண்டாக்கிய லினோலியத்தில் மர வரிகளும் அச்சாயின. ஓட்டின்மீது உருளைகளால் அச்சிட்ட காலத்தில் ஒரே கணு, ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து பொய்யைக் காட்டிக்கொடுத்தது. ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டில் ஸ்பெயினின் காஸ்டெயோன் வட்டாரத்தில் மைத்துளிகளைத் தெளித்து அச்சிடும் கணிப்பொறி இயந்திரம் வந்தது. ஒவ்வோர் ஓட்டிலும் வேறு வேறு வரி அமைத்தல் அதனால் எளிதாயிற்று. ஒருகாலத்தில் கூரை ஓடுகளுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் பெயர்பெற்ற குஜராத்து மோர்பியும் இம்முறையை ஏற்றது. நம் நாட்டு ஓட்டுத் தொழிலின் தலையாய களம் இன்று அதுவே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, தொழில் மாறும் இடத்தில் தரையும் மாறலாம். கூடத்திற்கும் படுக்கையறைக்கும் மர வரி ஓடு பொருந்தும். சமையலறைக்குக் கல் நன்று. குளியலறையில் வழுக்காத சொரசொரப்பான ஓடே வேண்டும். வாயிலில் ஒரு முழமேனும் வெறுங்கல் இருக்கட்டும். மர வரியின் பள்ளங்களில் கோலமாவு புகுந்தால் துடைத்தெடுப்பது கடினம்.

இரண்டாவது, இரு சித்திரங்களை நேருக்கு நேர் மோதவிடலாகாது. மர வரியும் ஒரு சித்திரமே. பூவேலைத் தரையை அது தொடுமிடத்தில் நடுவே வெறுங்கரை ஒன்று தேவை. வங்கத்துப் பழைய வீடுகளில் சிவப்புத் தரைக்குக் கருங்கரை கட்டியோர் இந்நுட்பத்தை நன்கு அறிந்திருந்தனர்.

மூன்றாவதே மிக முக்கியம். முன்னாளில் நிலைப்படி இரு தரைகளைப் பிரித்தது; அடுக்குமாடியிலோ உள்ளறைகளுக்குப் படியில்லை. கல் தடித்தது, ஓடு மெல்லியது. அடியிலுள்ள சாந்தின் கனத்தால் இரண்டையும் ஒரே மட்டத்திற்குக் கொணர வேண்டும். மூடிய கதவின் நேர் கீழே இணைப்பு அமையட்டும். பித்தளைப் பட்டையொன்று அதனைக் காக்கும். நீண்ட ஓடுகள் சூளையில் நடுவே சற்று வளையும். ஆதலால் அடுத்தடுத்த வரிசைகளைப் பாதிக்குப் பாதி தள்ளாது, மூன்றிலொரு பங்கே தள்ளிப் பதிக்க வேண்டும். ஒரு நூலளவு மேடும் முதியவர் காலை இடறிவிடும். எலும்பு முறிந்தபின் அழகைப் பேசி என்ன பயன்?

இறுதியாக ஒரு வேண்டுகோள். மாதுங்காவின் பழைய கட்டடங்களில் இன்றும் பூவேலைச் சிமெண்ட் தரைகளும் மொசைக் தரைகளும் உள்ளன. பலர் அவற்றை உடைத்தெறிகின்றனர். அல்லது அவற்றின்மேலேயே பசையிட்டு மர வரி ஓட்டை ஒட்டுகின்றனர். மங்கிய மொசைக்கைத் தேய்த்து மெருகிட்டால் மீண்டும் ஒளிபெறும், உடைத்ததோ மீளாது. ஓர் அறையிலேனும் பழந்தரையை விட்டுவையுங்கள். பக்கத்து அறையில் புதிய மர வரி ஓடு இருக்கட்டும். பிறந்த ஊரை விட்டு வந்து வேற்றூரில் வேரூன்றிய நமக்கு, பழையதும் புதியதும் ஒரே மட்டத்தில் இடறாது கூடி வாழ்வதன் அருமையைப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை.