அந்தமான் தமிழரும் தொடக்கநிலைக் கணினிப் பயிற்சியும்

முன்னுரை

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்த நிலையில் தாய்மொழியாக வழங்குவது தமிழ். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தீவுகளின் 3,80,581 மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கணினியை முதன்முதலாகக் கற்கும் ஒருவர் எம்மொழி எழுத்தின் வழியே அதனுள் நுழைகிறார் என்னும் வினா இவர்களுக்கு இன்றியமையாதது. அவ்வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

பயிற்சியின் நோக்கம்

நடுவணரசின் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் 1984-85இல் தொடங்கிற்று. பிரிட்டனில் பிபிசி நிறுவனம் நடத்திய கணினி எழுத்தறிவு இயக்கத்திற்காக உருவான பிபிசி மைக்ரோ கணினிகளே அதில் பயன்பட்டன. விசைகளும் கட்டளைகளும் ஆங்கிலமாக இருந்தமையால், ஆங்கிலம் அறிந்தவர்க்கே முதற்பாடம் எளிதாயிற்று. பின்னர்த் தேசிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப நிறுவனம் நடத்திவரும் 80 மணிநேரப் பயிற்சி, ஆவணம் தட்டச்சிடுதல் முதலிய அலுவலகத் திறன்களுக்கு இடமளித்தது. 2017இல் ஒப்புதல் பெற்ற பிரதமரின் ஊரக எண்மக் கல்வித் திட்டமோ 6 கோடிக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவரை 20 மணிநேரத்தில் பயிற்றுவிக்க முனைந்தது. கருவியை அறிதல், அதனை இயக்குதல், இணையத்தை அறிதல், அதன்வழித் தொடர்புகொள்ளுதல், அதன் பயன்பாடுகள் என்பன அதன் ஐந்து கூறுகள். 2024 மார்ச் 31இல் அத்திட்டம் நிறைவுற்றது. அலுவலர்க்குரிய திறன் குடிமக்கள் அனைவர்க்கும் உரிய தேவையாக மாறியதை இவ்வரலாறு காட்டுகிறது.

கடல் கடந்த இணைப்பு

இத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயருடன் கார் நிக்கோபார், கமோர்ட்டா, ரங்கட் முதலிய பகுதிகளையும் அது இணைத்தது. இணைப்புத் தடை இவ்வாறு குறைந்தபின் எழுத்துத் தடையே எஞ்சுகிறது.

விசைப்பலகையும் எழுத்திலக்கணமும்

இத்தடைக்குத் தீர்வு தமிழிலேயே உள்ளது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் வழி உருவான தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு அவ்வாண்டே ஏற்றது. இடக்கைப் பக்கம் உயிரும் வலக்கைப் பக்கம் மெய்யுமாக அமைந்தது அது. தொல்காப்பியம் முதலெழுத்தாக எண்ணும் முப்பதனுள் அதன் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளை அழுத்தினால் 'அம்மா' தோன்றும். புள்ளி தானே அமையும். ங்க, ஞ்ச, ந்த போன்ற மெல்லின வல்லின இணைகளிலும் புள்ளி தானே விழுகிறது. உயிர், மெய், உயிர்மெய், இனவெழுத்து ஆகியவற்றை அறிந்தவர் விசைப்பலகையின் அடிப்படையையும் அறிந்தவரே. 'அம்மா'வை ரோமன் எழுத்துகளால் உள்ளிடுபவரோ, தாம் அறிந்த மொழியை எழுத அறியாத எழுத்தை முதலில் கற்க வேண்டியவராகிறார்.

நிறைவுரை

இருபது மணிநேரப் பயிற்சியின் ஐந்து கூறுகளுள் தாய்மொழி எழுத்துள்ளீடு தனிக்கூறாக இடம்பெறவில்லை. பிறர் எழுதியதைப் படிக்கவும் பொத்தானை அழுத்தவும் மட்டும் கற்றவர், தம் விண்ணப்பத்தைத் தாமே எழுத இயலாது பிறரை நாடுவர். எனவே தீவுகளில் தமிழ்வழிக் கற்றோர்க்கான தொடக்கநிலைப் பயிற்சி தமிழ் விசைப்பலகையிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அப்பாடத்தை வகுப்பதில் கணினி ஆசிரியரோடு தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பது இவ்வாய்வின் முடிபு.