மனிதர் காப்பும் எச்.ஐ.வி.யின் கூர்ப்பும்



துறைமுகங்களின் வரலாற்றை எழுதுவோர் கப்பல்களையும் படைகளையும் விரித்துரைப்பர். அவற்றோடு வந்திறங்கிய நோய்களை ஓரிரு வரிகளிற் கூறி அப்பாற் செல்வர். திருகோணமலையில் 1624ஆம் ஆண்டளவிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரை நம் முன்னோர் பறங்கியர் என்றனர். மேகநோய்ப் புண்ணுக்கும் பறங்கிப்புண் என்ற பெயர் தமிழில் வழங்கிற்று. நோய் அயலாருக்கே உரியது என்னும் எண்ணம் அப்பெயரில் உறைந்து கிடக்கின்றது. எச்.ஐ.வி. என்னும் வைரசின் வரலாறோ இதற்கு மாறானதொன்றைக் காட்டுகின்றது. எந்த மக்களிடையே பரவுகின்றதோ, அந்த மக்களின் உடற்காப்புக்கு ஏற்ப அது தன்னை மாற்றிக்கொள்கின்றது. அது எங்ஙனம் என்பதையே இன்று நோக்குவோம்.

மத்திய ஆபிரிக்காவில், சிம்பன்சிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய வைரசு இது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே மனிதரிடையே மறைவாகப் பரவி வந்தது. 1981இல் அமெரிக்காவில் எயிட்ஸ் நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது. 1983இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தார் வைரசைப் பிரித்தெடுத்தனர். 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மாணவி நிர்மலா பாலியல் தொழிலிலிருந்த பெண்களின் குருதியைச் சேகரித்தார். வேலூரில் நடந்த சோதனையில் ஆறு பெண்களிடம் தொற்று இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் இந்நோய் இல்லை என்றிருந்த நம்பிக்கை அன்றே தகர்ந்தது.

இனி, உடற்காப்பின் கதைக்கு வருவோம். 1958இல் பிரெஞ்சு மருத்துவர் சான் தோசே, வெண்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் ஆளுக்கு ஆள் வேறுபடும் ஓர் அடையாளத்தைக் கண்டார். அத்தகைய அடையாளங்களை ஆக்கும் பரம்பரையலகுகளே எச்.எல்.ஏ. எனப்படுகின்றன. அவற்றின் பணியை விளக்கும் திறவுகோலை, 1970களின் முற்பகுதியில், அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் ஆராய்ந்த சிங்கர்நாகல், டோகர்ட்டி என்னும் இருவர் கண்டறிந்தனர். 1980இல் தோசேயும் 1996இல் இவ்விருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

துறைமுகத்து மக்களுக்கு அப்பணியைச் சுங்கச் சாவடியைக் காட்டி விளக்கலாம். நம் உடலின் கலங்கள், தம்முள் ஆக்கப்படும் புரதங்களின் சிறு துண்டுகளை வெளியே ஏந்திக் காட்டுகின்றன. ஏந்தும் தட்டுகளே எச்.எல்.ஏ. மூலக்கூறுகள். காவற்கலங்கள் அத்துண்டுகளைச் சோதிக்கின்றன. வைரசின் துண்டொன்றைக் கண்டால் அக்கலத்தையே அழிக்கின்றன. ஆனால் எல்லோரிடமும் ஒரேவிதத் தட்டு இல்லை. பாலையூற்றில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பிள்ளை ஒவ்வொன்றும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியையும் தாயிடமிருந்து ஒரு தொகுதியையும் பெறுகின்றது. ஆகவே, உடன்பிறந்தார் இருவருக்கு இவை முற்றாக ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. ஒருவர் உடல் கண்டுபிடிக்கும் வைரசுத் துண்டை மற்றவர் உடல் தவறவிடலாம். சிகிச்சையின்றியும் சிலர் நீண்ட காலம் நோயைத் தாங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பி-57, பி-27 என்னும் வகைகளை உடையோர் அவர்களுள் மிகுதியாக இருந்தனர்.

வைரசு வாளாவிருப்பதில்லை. தன்னைப் படியெடுக்குந்தோறும் அது பிழை விடுகின்றது. அப்பிழைகளுள் ஒன்று, காவற்கலம் தேடும் துண்டின் வடிவை மாற்றிவிடுமாயின், அவ்வைரசு தப்பிப் பெருகும். ஆனால் தப்புவதற்கும் விலையுண்டு. சில மாற்றங்கள் வைரசின் பெருகும் வலுவைக் குறைக்கின்றன. பி-57 உடையவரிடம் இவ்வாறு மாறிய வைரசு, அவ்வகை இல்லாத ஒருவரைத் தொற்றியபின் பழைய வடிவுக்கே மீள்வதை 2004இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

மீளாத மாற்றங்களும் உள. யப்பானியரிடையே பி-51 என்னும் வகை மிகுந்து காணப்படுகின்றது. அதற்குத் தப்பிய வைரசு அங்கே நிலைத்துப் பரவி, அவ்வகை இல்லாதோர் பலரிடமும் காணப்பட்டதை 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. முன்னர் காப்பளித்த பி-51 அங்கே தன் பயனை இழந்தது. 2014இல் பொட்சுவானாவையும் தென்னாபிரிக்காவையும் ஒப்பிட்ட ஆய்வும் இதனையொத்த முடிவைத் தந்தது. தொற்று மிகுந்திருந்த பொட்சுவானாவில் பி-57 முதலியவற்றின் காப்பு மறைந்திருந்தது. எனினும் அங்குள்ள வைரசின் பெருகும் வலுவும் குறைந்திருந்தது.

இச்செய்திகள் நமக்கு உணர்த்துவன யாவை? பெற்றோர் தந்த காப்பு நிலையான சொத்தன்று. நோய் பரவப் பரவ, அக்காப்பு பயனற்றுப் போகலாம். எனவே, ‘எம் உடல் தாங்கும்’ என்று எவரும் இறுமாந்திருத்தலாகாது. மேலும், ஒரு நாட்டாரிடம் கற்ற பாடம் மற்றொரு நாட்டாருக்கு அப்படியே பொருந்தாது. தடுப்பூசி ஆக்க முயல்வோர் நம்மவர் பரம்பரையலகுகளையும் நம்மிடைப் பரவும் வைரசையும் ஆராய்ந்தே ஆகவேண்டும். மருந்திலும் இது மெய்யாயிற்று. பி-57இன் ஒரு பிரிவை உடையோர்க்கு அபக்காவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து கொடிய ஒவ்வாமையை விளைக்கலாம் என்று 2002இல் அறியப்பட்டது. வைரசைத் தடுக்கும் அதே பரம்பரையலகு மருந்துக்கும் தடையாயிற்று! அதனாலேயே, அம்மருந்தைத் தருமுன் குருதியைச் சோதிக்கும் வழக்கம் தோன்றிற்று.

வைரசு மாறுவதற்கு அது பெருக வேண்டும். பெருக்கத்தை இன்றைய மருந்துகள் அடக்குகின்றன. ஒழுங்காக மருந்துண்டு, குருதியில் வைரசு புலப்படாத நிலையை அடைந்தவரிடமிருந்து உடலுறவால் நோய் பிறர்க்குத் தொற்றுவதில்லை. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென இலங்கை 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. சோதனைக்கு முன்வந்த தாய்மாரின்றி இது கைகூடியிராது. நோயுற்றோரைப் பழித்து ஒதுக்கினால் அவர் சோதனைக்கு வாரார், மருந்தும் உண்ணார், வைரசோ பெருகும், மாறும். பறங்கிப்புண் என்று பெயரிட்டு நோயைப் பிறர் தலையிற் கட்டிய பழைய வழக்கத்தை இந்நோயிலும் தொடர்வோமாயின், அதனாற் பயனடைவது வைரசு ஒன்றே.